அப்பா சேர்த்த விகுதி

என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்போது கையில் குழந்தை இருக்கும். உங்களுக்கும் இப்படித்தானா என்று தெரியவில்லை. என் குழந்தை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். வருகிறது. சரியாகத்தான் பார்த்தேனா என்று மறுபடி வைக்கிறேன். அதில் விழித்துக்கொண்டு அழுதால், எதற்கு எழுப்பினோம் என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். குன்னூர்க் குளிருக்கு இரண்டு கம்பளி போர்த்தினால் மூச்சு முட்டுமோ, ஒன்று போர்த்தினால் நெஞ்சில் சளி கட்டுமோ என்று போர்த்துவதும் எடுப்பதுமாகப் பொழுது போகிறது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நாடுகாணிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நாங்கள் இருந்தபோது பெய்த ஒரு மழைக்காலத்தில் போய் நிற்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். மற்றவர்கள் சொல்லிக் கேட்டதையே நான் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த மல்லிகைப்பூ வாசனையை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது.

அப்பா எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடக்கும். மழைக்காலத்தில் தகரக் கூரையின் சத்தத்துக்கு மேலே அப்பா கத்திப் பாடம் நடத்துவார். ஈரக் கம்பளிகளின் புகைநாற்றமும், ஃபேக்டரியிலிருந்து வரும் வாடிய தேயிலை வாசனையும், கால்விரல் இடுக்கில் அட்டைக்காகத் தேய்த்த உப்பும் மூக்குப்பொடியும் கலந்து அறை முழுக்க ஒரு நெடி இருக்கும்.

எங்கள் வகுப்பில் எல்லாரும் ஒரே மாதிரித் தமிழ் பேசியதில்லை. நாங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் பலர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள். பேசுவதை 'கதைக்கிறது' என்பார்கள். கொத்தனார் மகன் வீட்டில் கன்னடம். சாயாக்கடைக்காரர் மகள் வீட்டில் மலையாளம்.

அப்பாவுக்கு வினைச்சொல் என்றால் உயிர். ஒருவன் பேச்சை நடுவில் விட்டால் அவருக்குப் பொறுக்காது. கொத்தனார் மகன் ஒருநாள் தாமதமாக வந்து, "சார், ஊரிந்த அப்பா பந்த" என்றான். ஊரிலிருந்து அப்பா வந்தார் என்று அதற்குப் பொருள்.

"வந்த? வந்த என்னடா? வந்த அப்பாவா, வந்த ஆடா, வந்த லாரியா? பெயரெச்சத்தை நடுரோட்டுல உட்டுட்டு நிக்காதே. முடி!"

சாயாக்கடைக்காரர் மகள் பாடு இன்னும் கஷ்டம். அவள் மொழியில் எல்லாம் 'வந்நு'தான். நான் வந்தேன் என்றாலும் வந்நு, பூனை வந்தது என்றாலும் வந்நு. எங்கள் காதுக்கு அது 'வந்து' என்று கேட்கும். மேலே ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருப்போம். அவளோ சொல்லி முடித்துவிட்டு நிற்பாள்.

"சாரே, ஞான் வந்நு."

"வந்து?"

"வந்நு."

"வந்து என்ன பண்ணுனே? உக்காந்தியா, ஓடிப்போனியா, செத்துப்போனியா? முடி!"

வகுப்பே சிரிக்கும். அவளுக்கு 'வந்து' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டோம். மலையாளம் என்பது வால் அறுந்த தமிழ், அந்த வாலை நாம் ஒட்டிக்கொண்டால் போதும் என்பார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. அவள் காலில் அட்டை கடித்தால் முதலில் ஓடிப்போய்ச் சுண்ணாம்பு வைப்பவரும் அவர்தான். வாலை ஒட்டுவதும் அதுபோல ஓர் உதவி என்றே நினைத்திருப்பார்.

அம்மா அப்போது நிறைமாதம். ஊட்டியிலிருந்து வாங்கி வந்த மஞ்சள் கம்பளி நூலில் குழந்தைக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள். அளவு பார்க்கத் தலை கிடையாது அல்லவா, என்னைக் கூப்பிட்டு என் முழங்காலில் மாட்டிப் பார்ப்பாள். "இவ்வளவு பெருசாவா இருக்கும் தலை?" என்று கேட்பேன். "பொறந்து வந்தா வேணும்னா நீயே அளந்து பாத்துக்க" என்பாள். முழங்காலில் அந்தக் கம்பளி கூசும். இன்றைக்கும் மஞ்சள் கம்பளி நூலைக் கண்டால் எனக்கு முழங்கால்தான் கூசுகிறது.

வலி கண்டபோது மழை உச்சத்தில் இருந்தது. பின்னி முடித்த தொப்பியை அம்மா மடியில் செருகிக்கொண்டாள். கூடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஊட்டிப் பாதையில் மரம் விழுந்து கிடந்ததால், மலை இறங்கிக் கேரளத்துப் பக்கம் கொண்டுபோனார்கள். எஸ்டேட் ஜீப்பின் பின்பக்கத்தில் அம்மா படுக்க இடம் வேண்டும். கூட ஓர் ஆள்தான் உட்காரலாம். பிள்ளைக்காம்பராவில், அதுதான் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், வேலை பார்த்த ஆயாம்மா ஏறிக்கொண்டாள். சிலோனில் எத்தனையோ பிரசவம் பார்த்தவள். என்னைப் பார்த்துக்கொள்ள அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டார். ஜீப் அவர்களை விட்டுவிட்டுத் திரும்பிய பின், மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைத்துக்கொண்டது.

மறுநாள் காலை அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் குடையை மடக்காமலே வாசலில் வந்து நின்றார்.

"சார், கீழ ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சுங்க. ஆயாம்மா சொல்லச் சொன்னாங்கன்னு ஒரு நர்ஸ் பேசுச்சுங்க. ஒரே இரைச்சல்."

"என்ன சொன்னாங்க?"

"பிரசவிச்சு, மரிச்சுன்னாங்க சார்."

"யாரு?"

"அதச் சொல்லலைங்க. நானும் திருப்பிக் கேட்டேன். பிரசவிச்சு, மரிச்சுன்னு மறுபடியும் அதயேதான் சொல்லுச்சு. அப்புறம் லைன் கட்டாயிருச்சு. எக்ஸ்சேஞ்சே படுத்துருச்சாட்ட இருக்குதுங்க." கொஞ்சம் நின்று, "கொழந்தையா இருக்குமோ என்னமோ சார்" என்றார்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். எங்களுக்குப் பாடம் சொல்லும்போது வரும் அதே நிதானம் அவர் குரலில் வந்தது.

"பிரசவிச்சது யாரு? அவதானே? பிரசவிச்சுங்கறது வினையெச்சம். எச்சத்துக்கு எது எழுவாயோ அதுதான் முற்றுக்கும் எழுவாய். குளிச்சுச் சாப்பிட்டாள்னா குளிச்சவளும் சாப்பிட்டவளும் ஒருத்திதான்." பிறகு வாலை ஒட்டினார். "பிரசவிச்சு மரிச்சுட்டா."

தமிழுக்கு அது சரி. மலையாளத்தில் 'பிரசவிச்சு' என்பது அங்கேயே முடிந்துபோன ஒரு முழு வாக்கியம். 'மரிச்சு' இன்னொரு வாக்கியம். பெற்றது யார், இறந்தது யார் என்று அந்தச் சொற்கள் காட்டாது. கேட்கிறவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மூன்று வருஷமாக ஒரு சின்னப் பெண் பெஞ்சில் நின்று இதைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. யாரும் அந்த நர்ஸ் சொன்னதைக் கேட்டு வரவில்லை. அப்பா முடித்த வாக்கியத்தைத்தான் கேட்டு வந்தார்கள். சாயாக்கடைக்காரரும் துண்டை வாயில் பொத்தி அழுதபடி வந்தார். அவர் காதுக்குப் போகும்போது அந்தச் சொல்லுக்கு 'ஆ' என்ற விகுதி முளைத்திருந்தது. சந்தேகப்பட அவருக்கும் ஒன்றும் இல்லை.

கூடலூர் கடைவீதியில் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, நனைந்து வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். பெண்கள் மூலையில் உட்கார்ந்து குழந்தையைப் பற்றிப் பேசினார்கள். அம்மாதான் செத்தாள் என்றால் குழந்தை உயிரோடு இருக்கிறது என்றுதானே பொருள்?

"தாயத் தின்னுட்டு வந்திருக்குது பாரு."

"அதென்னக்கா பண்ணும், பச்ச மண்ணு."

"பாலுக்கு என்ன பண்றது?"

"எம்புள்ளைக்குப் போக மிச்சம் கெடக்குதுங்க. நாங் குடுக்கறேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அப்பா அம்மாவின் பழைய நூல்சேலையை எடுத்து, உத்தரத்துக் கொக்கியில் தொட்டில் கட்டினார். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். மாமா அதைப் பார்த்துவிட்டு, "இது போயி எங்கக்கா வந்திருக்கக் கூடாதா!" என்று கத்தினார். யாரும் அவரை அதட்டவில்லை. எல்லார் மனத்திலும் அதுதான் இருந்திருக்கும்.

அப்பா என்னை மடியில் இருத்தி, "உங்கம்மாளுக்கு உன்னைன்னா ரொம்பப் புடிக்கும்" என்றார். உடனே நிறுத்தினார். உதட்டைக் கடித்துக்கொண்டு, "புடிச்சிருந்துச்சு" என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தில்தான் அம்மா செத்துப்போனது எனக்கு உறைத்தது. அதுவரை எல்லாரும் அழுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்ணை அள்ளி வழி விட்டதும் எங்கள் ஜீப் கிளம்ப வேண்டும், உடம்பை எடுத்து வர வேண்டும் என்று ஏற்பாடு. அதற்குள், அடுத்த நாள் மத்தியானம், கேரள நம்பர் ஜீப் ஒன்று சேற்றை இறைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. ஆயாம்மா இறங்கினாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கினாள்.

யாரோ வீறிட்டார்கள். மாமா சேற்றில் விழுந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டார். அப்பா நின்ற இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். ஒருவர் சிரிக்க எல்லாரும் சிரித்தார்கள். துக்கத்துக்கு வந்த கூட்டம் அத்தனையும் வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நானும் குதித்தேன்.

அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "எதுக்கு எல்லாரும் சிரிக்கறீங்க?" என்று கேட்டாள்.

மாமாதான் சொன்னார். "ஏனுங்க மச்சான், இலக்கணம் பேசியே எங்கக்காளக் கொன்னுபோட்டீங்களே!"

சாயாக்கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து, "மாஷே, ஞங்ஙள்க்கு ஆரு மரிச்சாலும் 'மரிச்சு' தன்னெ. அம்மயும் மரிச்சு, குட்டியும் மரிச்சு, ஆனயும் மரிச்சு!" என்றார். தாயோ குழந்தையோ யானையோ, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தானாம். மறுபடி சிரிப்பு.

"கொழந்ததானா போச்சு?" என்றார் அப்பா. பெருமூச்சு விட்டார். "போகட்டும். நீ வந்தியே, அது போதும்."

ஆயாம்மா அவர் அருகே போய், "வாத்தியாரய்யா, புள்ள வந்து..." என்று ஆரம்பித்தாள். மாமா அவள் கையைப் பிடித்து, "நீங்க தெய்வமுங்க ஆயாம்மா, மொதல்ல உள்ள வந்து உக்காருங்க" என்று இழுத்துப் போய்விட்டார். 'வந்து' என்று யார் நிறுத்தினாலும் "வந்து? முடி!" என்று கேட்கிற என் அப்பா, அன்றைக்குக் கேட்கவில்லை. அந்த வருஷமே ஆயாம்மா தன் மகனோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள். அந்த வாக்கியம் அவளோடு போய்விட்டது.

மாமா ஆள் அனுப்பிச் சேமியாவும் வெல்லமும் வரவழைத்தார். பாயசம் கொதித்தது. அம்மா உள்ளே வந்தபோது தொட்டில் இல்லை. யாரோ கெட்டிக்காரத்தனமாக அவிழ்த்து மடித்து வைத்துவிட்டார்கள். வெறும் கொக்கி ஆடிக்கொண்டிருக்க வேண்டாம் என்றோ என்னவோ, அதில் மாமாவின் மழைக்கோட்டை மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா அதைப் பார்த்தபடி பாயச டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடித்தாளா என்று எனக்கு நினைவில்லை. குடித்திருப்பாள். எல்லாரும் அவளுக்காகத்தானே சந்தோஷப்பட்டார்கள்?

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கூடை மல்லிகைப்பூவோடு வந்தாள். அந்த மழையில் அத்தனை பூவை எங்கே வாங்கினார்களோ. அம்மாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பூவை அம்மாவின் நெஞ்சில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். அம்மா திரும்பி வந்ததற்கு அலங்காரம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே ஓடிப்போய், "எனக்கும் வெச்சு உடுங்க" என்று தலையை நீட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி என்னை வெளியே தள்ளினாள். மறுநாள் அவிழ்த்தபோது பூவெல்லாம் பழுப்பாகி, புளித்த பால் நாற்றம் அடித்தது. பால் வற்றுவதற்காக அப்படிக் கட்டுவார்கள் என்பது என் பிரசவத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து அம்மா அதன்பின் மல்லிகை சூடியதில்லை. எனக்கும் கனகாம்பரம்தான் வாங்கித் தருவாள். அவளுக்கு மல்லிகை பிடிக்காது என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வோம்.

அப்புறம் அது எங்கள் குடும்பத்துக் கதையாகிவிட்டது. கல்யாண வீடுகளில் மாமா ஆரம்பித்துவைப்பார், அப்பா முடித்துவைப்பார். இலக்கணத்தால் பெண்டாட்டியைக் கொன்ற வாத்தியார் என்று அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்வார். மலையாளப் பேச்சை நடித்துக் காட்டுவார். சிரிக்க வேண்டிய இடத்தில் அம்மாவும் சிரிப்பாள். கதையின் கடைசியில், போகிற போக்கில், ஒரு வாக்கியம் வரும்: "கொழந்த செத்துப் பொறந்திருந்துச்சு, அவ்வளவுதான்." அப்படி யார் சொன்னது, எப்போது முடிவானது என்று எனக்குத் தெரியாது. நான் பிள்ளையுண்டாகி இருந்தபோது, வீட்டில் யாருக்காவது குழந்தை தவறியிருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, நானும் அதையேதான் சொன்னேன். "ஸ்டில்பார்ன்" என்று அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். 'ஸ்டில்' என்றால் அசையாத என்று ஒரு பொருள். இன்னும் என்று ஒரு பொருள். அம்மாவிடம் சரியாகக் கேட்டுக்கொண்டு சொல்லியிருக்க வேண்டுமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத ஒன்றைப் பற்றி எந்த வினையில் கேட்பது? தமிழில் வினையை முடிக்க வேண்டுமானால் அவனா அவளா என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு, தெரிந்துகொள்ள வேண்டாம் என்கிறவர்களுக்கு, 'ச்சு' இருக்கிறது. பிறந்துச்சு, செத்துச்சு, போச்சு.

சென்ற மாதம் என் குழந்தைக்குப் பெயர் வைத்தோம். குன்னூர் வீட்டில் என் புகுந்த வீட்டார் கூடியிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். என் மாமனார் இந்தக் கதையைக் கேட்டதில்லை. அப்பா உற்சாகமாகிவிட்டார். கிளார்க்கின் குடை, போன் இரைச்சல், எழுவாய் எல்லாம் வந்தன. அறையே சிரித்தது. அம்மா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் என் மகனைப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய வயிற்றை உதைத்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் பாத்தா, சம்பந்தி, கொழந்ததான் செத்துப் பொறந்து..." என்றார் அப்பா.

"செத்துப் பொறக்கலைங்க" என்றாள் அம்மா. நிமிரவில்லை. கை எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "பொறந்து செத்தான்."

மாமாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அப்பாவுக்கு வாய் திறந்தது. அவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் வினைகளைத் திருத்தியவர். அம்மா முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றி வைத்து, கடைசியில் ஓர் 'ஆன்' சேர்த்திருந்தாள். அதில் திருத்த ஒன்றும் இல்லை. பிரசவிச்சு, மரிச்சு. அந்த நர்ஸ் அன்றைக்கே சரியான வரிசையில்தான் சொல்லியிருக்கிறாள்.

யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று பார்த்தேன். என் மாமனார் வெற்றிலைத் தட்டைத் தேடினார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"எவ்வளவு நேரம்மா இருந்தான்?"

அம்மாவின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. என் மகனின் தலையை உள்ளங்கையில் ஏந்தி, எடை பார்ப்பதுபோல வைத்துக்கொண்டாள்.

"வெளிச்சம் வர்ற வரைக்கும் இருந்தான். தொப்பிய போட்டுப் பாத்தேன் கண்ணு" என்றாள். "அவனுக்குப் பெருசா இருந்துச்சு."